பிள்ளைகள் வீட்டில், கதை பாதியில்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"அக்கா, பண்டாரவளைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இந்த மாதங்களில் அவருக்கு இரவு வேலைதான். நான் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். மகளுக்குப் பத்து வயது, இப்போதுதான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்தாள். மகனுக்கு ஆறு. பாடசாலை நாட்களில் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை தையல் மேசையிலேயே கதை எழுதுவேன். மூன்று வருடங்களில் ஏழு கதைகள் முடித்திருக்கிறேன். எட்டாவது கதை, என் மாமியாரின் அக்கா தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் அங்கே கப்பல் ஏறியதைப் பற்றியது. மாமியாருக்கு அப்போது பன்னிரண்டு வயதாம். கதை பாதியில் நிற்கிறது. விடுமுறை தொடங்கியதிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. 'அம்மா' என்ற குரல் கேட்காத பத்து நிமிடம் கிடைப்பதில்லை. இதற்குமுன் ஒன்றும் சொல்லாத மாமியாரும், 'எழுதிக் கிழித்து என்ன கிடைக்கப்போகிறது' என்று ஆரம்பித்திருக்கிறார். விடுமுறை முடியும்வரை கதையை மூடி வைத்துவிடவா? நான்கு மணிக்கு எழுந்து எழுதிப் பார்க்கவா? பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது எழுத நினைப்பதே சுயநலமா? முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன்."

அன்பின் தங்கைக்கு,

நான்கு மணி யோசனையை முதலில் கைவிடுங்கள். நான் அதைச் செய்து பார்த்தவள். அப்போது ஹட்டனில் இருந்தோம். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. விடியற்காலையில்தான் எழுத்து கூடிவருகிறது என்று யாரோ ஓர் எழுத்தாளர் பேட்டியில் சொல்லியிருந்ததைப் படித்துவிட்டு, அந்தச் சித்திரை விடுமுறையில் அலாரம் வைத்து எழுந்தேன். (அவர் எழுந்ததும் தேநீர் போட்டுக் கொடுத்தது யார் என்று பேட்டி எடுத்தவர் கேட்கவில்லை.) பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் பகலில் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். சின்னவள் வந்து என் கன்னத்தைத் தட்டி, "அம்மா, சட்டி அழுகிறது" என்றாள். தண்ணீர் வற்றிப் பருப்பு தீயும் சத்தம் அவளுக்கு அழுகையாகக் கேட்டிருக்கிறது.

அந்தப் பதினொரு நாளில் எழுதியவற்றைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒரு பத்திகூடத் தேறவில்லை. அந்த விடுமுறையில் தேறியது "சட்டி அழுகிறது" என்ற இரண்டு சொற்கள்தான். அவையும் என்னுடையவை அல்ல.

மலைக்குப் போகும் நம் பெண்களுக்கு நான்கு மணி ஒன்றும் புதிய நேரமல்ல. தலைமுறை தலைமுறையாக அந்த நேரத்தில் எழுந்துதான் ரொட்டி தட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே குறைந்த தூக்கத்தில் இன்னும் ஒரு மணித்தியாலத்தை அறுத்து எடுக்க இலக்கியத்தின் பெயரைச் சொல்லவேண்டாம்.

அடுத்து, மூடி வைப்பது. உங்கள் கணவரின் தொழிலை வைத்தே சொல்கிறேன். பிழையிருந்தால் அவர் திருத்தட்டும். மலையிலிருந்து வந்த கொழுந்தை நேரே ரோலரில் போடுவதில்லை. தட்டில் பரப்பி, கீழிருந்து காற்றை விட்டு, 12 முதல் 18 மணித்தியாலம் வரை வாட்டுகிறார்கள். ஈரம் இறங்கி இலை துவண்ட பிறகுதான் ரோலருக்குள் முறுக்கிக்கொள்ளும். வாடாத இலை நொறுங்கிவிடும். பகலில் வந்த கொழுந்து வாடி முடிகிற நேரம் இரவிலும் விடியற்காலையிலும் விழுவதால்தானே அவருக்கு இரவு வேலை?

விடுமுறை மாதத்தில் உங்கள் கதை வாடட்டும். ஆனால் வாட்டுவது வேறு, மூடி வைப்பது வேறு. சாக்கில் திணித்துக் கட்டிய கொழுந்து உள்ளுக்குள் சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும். தட்டில் கிடந்தால்தான் காற்றுப் படும். தினமும் ஒரு தடவையாவது கதையின் பக்கம் போய்வந்தால் அதுவே காற்று. ஒரு மாதம் முழுவதும் அலமாரியில் பூட்டி வைத்த கதைக்குத் திரும்பிப் போனால் அதில் வருகிறவர்கள் உங்களோடு பேசமாட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தவே இன்னொரு மாதம் போய்விடும்.

உங்கள் பக்கத்தில் இப்போது கச்சான் காற்று அடித்துக்கொண்டிருக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாவில் மழை குறைவு, கொழுந்தும் குறைவு. ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வாசம் அந்தக் காய்ந்த காற்றில்தான் ஏறுகிறது. கூடை நிறையவில்லை என்று அந்த மாதங்களில் யாரும் தேயிலை ஸ்டோரைப் பூட்டுவதில்லை. சரி, உவமையை இத்தோடு நிறுத்துகிறேன். தேயிலையை உவமையாக்காத மலையகக் கதை பதிப்பகத்தில் என் மேசைக்கு வந்ததேயில்லை. அவற்றில் பாதியைச் சிவப்பு மையால் வெட்டுவது என் பிழைப்பு. நானே இப்படி இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

இனி நேரம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. கணவர் இரவு வேலை முடித்து வந்து காலையில் தூங்குகிறார். அப்போது பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. அதாவது உங்கள் வீட்டில் தினமும் ஓர் அமைதி நேரம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரம் முழுவதையும் "உஷ், அப்பா தூங்குகிறார்" என்று சொல்லியே தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

80 பக்கக் கொப்பி மூன்று வாங்குங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டும். உங்களுடையது மட்டும் பெரிதாகவோ தடித்த அட்டையோடோ இருந்தால் அது அம்மாவின் வேலை ஆகிவிடும், மற்ற இரண்டும் விளையாட்டாகிவிடும். ஆளுக்கு ஒன்று. காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் மூவரும் ஒரே பாயில் உட்காருங்கள். இருபது நிமிடம். அதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

ஆறு வயதுப் பையனுக்கு இருபது நிமிடம் என்றால் ஒன்றும் விளங்காது. சுவர்க்கடிகாரத்தில் பெரிய முள் நான்கிலிருந்து எட்டுக்குப் போகும்வரை என்று காட்டுங்கள். முதல் சில நாட்கள் அவன் முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பான். என் மகன் ஐந்து நாள் பார்த்தான். ஆறாம் நாள் கடிகாரத்தையே கொப்பியில் கீறினான், பதின்மூன்று எண்களோடு. இரத்தம், நெருப்பு, கழிப்பறை என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும் என்னைக் கூப்பிடலாம் என்று சட்டம் போட்டிருந்தேன். நான்காவதாக ஆட்டையும் சேர்க்கவேண்டி வந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆடு எங்கள் லீக்ஸ் பாத்தியை முடித்துவிட்டது. பையன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, சட்டத்தில் இல்லையென்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

முள் எட்டைத் தொட்டதும் பேனையை வைத்துவிடுங்கள். வரி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வையுங்கள். "இன்னும் ஒரு நிமிடம்" என்று ஒரு நாள் சொன்னால் போதும், மறுநாள் அவன் முள்ளை நம்பமாட்டான். அப்புறம் உங்களையும் நம்பமாட்டான். அறுந்த இடத்துக்குக் கீழே, அடுத்து என்ன வரவேண்டும் என்பதைப் பென்சிலால் நான்கு சொல்லில் குறித்துவிட்டு மூடுங்கள். மறுநாள் வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை.

பெரியவளின் கொப்பியைத் திருத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தரம் ஐந்தில் மாதிரி வினாத்தாளும் மேலதிக வகுப்புமாக ஒரு வருடம் மல்லுக்கட்டிய பிள்ளை அது. ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடந்தால் கிடக்கட்டும். எழுதாமல் படம் கீறினாலும், தாளைக் கிழித்துக் காற்றாடி செய்தாலும், சும்மா படுத்துக் கூரையைப் பார்த்தாலும் விட்டுவிடுங்கள். அவளுக்கும் வாடவேண்டியிருக்கிறது. (உவமையை விடுவதாகச் சொன்னேன். மன்னிக்கவும்.)

அந்த இருபது நிமிடத்தில் என்ன எழுதுவது? எட்டாவது கதையின் நடுப்பகுதியை அல்ல. தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் கேட்கும் வேலையை இருபது நிமிடத்துக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எங்களிடம் வரும் கையெழுத்துப் பிரதிகளில், எழுதியவர் எங்கே எழுந்துபோய்ச் சோறு வடித்துவிட்டு வந்தார் என்பதை என்னால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். மேலே மாம்பழ நிறச் சேலை, கீழே பச்சைச் சேலை. மேலே இறந்துபோன மாமா கீழே வந்து வெற்றிலை கேட்பார். ஒரு கதையில் கர்ப்பிணி ஒருத்திக்குப் பன்னிரண்டு மாதம்.

இதற்கு உங்களிடமே கருவி இருக்கிறது. தைக்கிறவர் வீட்டில் அளவுக் கொப்பி இருக்கும். மார்பு, இடுப்பு, கை நீளம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். கதைக்கும் அப்படி ஒரு பக்கம் போடுங்கள். அக்காவுக்கு என்ன வயது, கணவர் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், எந்த மாதம் புறப்பட்டார்கள், அன்று என்ன உடுத்தியிருந்தார், கையில் என்ன இருந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு அளவு எடுத்தால் போதும். விடுமுறை முடியும்போது இருபது அளவுகளாவது கையில் இருக்கும்.

இன்னொரு பக்கத்தில் பிள்ளைகள் சொல்வதைக் குறியுங்கள். மொழி இன்னும் பழகாத வாயிலிருந்துதான் புதிய சொல் வருகிறது. அதையும் உடனே குறிக்கவேண்டும். மாலைக்குள் நாமே அதைத் திருத்தி நினைவில் வைத்துவிடுவோம். ஆனால் மகளின் அந்தரங்கத்தைக் கேட்காமல் கதையில் வைக்காதீர்கள். சின்னவனுடையதை வைக்கலாம், ஆறு வயதில் அவன் பெருமைப்படுவான். பத்து வயதுக்காரி வெட்கப்படுவாள். லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் "நூறு" என்று வாழ்த்துகிற ஊர் நம்முடையது. பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மீதி எழுத்துக்கு மேசையே வேண்டாம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை சேகரித்து வைத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பாருங்கள். அவற்றைக் கட்டியவர்களுக்குக் கொப்பியும் இல்லை, தனியறையும் இல்லை. கை வேலையில் இருக்க, வாயில் கட்டி, வாயிலேயே திருத்தி, பக்கத்து நிரையில் நிற்பவளிடம் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வசதி கூடுதல், கையில் தொலைபேசி இருக்கிறது. தண்ணீர்ப் பீலியடியில் துணி அலசும்போது ஒரு வரி வந்தால் குரலில் பதிந்துவிடுங்கள். பாதி கச்சான் காற்றின் இரைச்சலாகத்தான் கேட்கும். அதனால் அன்றிரவே அதைக் கொப்பியில் இறக்கிவிடுங்கள். பதிந்து வைத்துவிட்டுக் கேட்காமலே போன வரிகள் என் பழைய தொலைபேசியில் நிறைய இருந்தன. தொலைபேசி போனபோது அவையும் போயின.

கணவரிடம் ஒன்று கேளுங்கள். ஒன்றே ஒன்று. போயா தினமோ, அவருக்கு விடுப்புக் கிடைக்கும் வேறு நாளோ, பிள்ளைகள் இரண்டையும் ரயில் கோச்சியில் ஏற்றித் தியத்தலாவை தாண்டி ஹப்புத்தளைக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு வடை வாங்கிக் கொடுத்து, அடுத்த கோச்சியில் கூட்டிவரட்டும். தூரம் கொஞ்சம்தான். ஆனால் கோச்சிக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் உங்களுக்கு அரை நாள் கிடைக்கும். "நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கொஞ்சம் பாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எந்தக் கணவருக்கும் நேரம் கிடைக்காது. திகதியைச் சொல்லிக் கேளுங்கள். அந்த அரை நாளில் வீட்டைக் கூட்டாதீர்கள்.

பாடசாலை திறந்ததும் முதல் வாரத்தை விட்டுவிடுங்கள். அது சப்பாத்துக்கும் கொப்பி உறைக்கும் போய்விடும். இரண்டாவது திங்கட்கிழமை ஒன்பது மணி என்று இப்போதே நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். அளவுக்கு மிஞ்சி வாடிய இலையும் உதவாது.

சுயநலமா என்று கேட்டீர்கள். இல்லை. தையல் இயந்திரத்தை மிதிக்க உட்காரும்போது இந்தக் கேள்வி உங்களுக்கு வருவதில்லை, காசு வருகிறது என்பதால். கதையிலும் காசு வரும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். நாங்கள் போடும் புத்தகங்களின் கணக்கு எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று கொப்பியை மூடுங்கள். மற்ற நாட்களில் இருபது நிமிடத்துக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள்.

இனி உங்கள் மாமியார். ஏழு கதை எழுதும்வரை அவர் வாய் திறக்கவில்லை. எட்டாவதுக்குத்தான் பேசுகிறார். உங்கள் நேரம் வீணாகிறதே என்ற கவலையாக எனக்கு அது தோன்றவில்லை. அது அவருடைய அக்காவின் கதை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் எழுதிக்கொண்டதை நாம் எண்ணாகப் படிக்கிறோம். அவர் அந்த எண்ணுக்குள் இருந்த ஒருத்தியைப் பன்னிரண்டு வயதில் ஸ்டேஷனில் நின்று பார்த்திருக்கிறார். அவர் "எழுதாதே" என்று தெளிவாகச் சொன்னால் நிறுத்துங்கள். அந்தப் பிரிவில் உங்களைவிட அவருக்கு உரிமை அதிகம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. என்ன கிடைக்கப்போகிறது என்றுதான் கேட்கிறார். யாரும் இதுவரை தன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதைத்தான் அவர் இப்படிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

நீங்கள் கேட்காதீர்கள், மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பத்து வயதுக்காரி தன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய், "அப்பாயி, நீங்கள் என் வயதில் இருந்தபோது" என்று ஆரம்பித்தால் மருமகளுக்குத் திறக்காத பெட்டி பேத்திக்குத் திறக்கலாம். திறக்காமலும் போகலாம். எப்படியானாலும் ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் இருப்பார்கள், சின்னவனும் அப்பாயியின் மடிக்குப் போய்விடுவான், நீங்கள் தைக்கலாம்.

முதல் பக்கத்தைப் பற்றி இரண்டே விடயங்கள். "பண்டாரவளையில் ஏறினாள், மறுநாள் தலைமன்னாரில் இறங்கினாள்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்தக் கோச்சி ஹப்புத்தளை, நானுஓயா, ஹட்டன் என்று மலை இறங்கிப் பொல்காவலைக்கு வந்து, அங்கிருந்து வடக்கே மதவாச்சி வரை போய், அதன்பிறகுதான் மன்னார்ப் பக்கம் திரும்பும். மலையைத் தாண்டியறியாத ஒருத்தி முதல் தடவையாகப் பனை மரத்தைப் பார்க்கும் நேரம் அந்தப் பயணத்தில் எங்கோ இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, அவள் அம்மிக் குழவியை மட்டும் பழஞ்சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். குழவி கப்பல் ஏறி, இந்தியக் கரையில் மண்டபம் முகாமுக்கும் போயிருக்கும். அம்மியை அவளால் தூக்கியிருக்க முடியாது. அது எந்த வீட்டுக் கோடியில் கிடக்கிறது, இப்போது அதில் எந்தக் குழவியால் அரைக்கிறார்கள்? மகளின் கொப்பியில் முதல் கேள்வியாக இதை எழுதிக்கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா